தகரம் தட்டாத மாலை

புகைக்குள்ளிருந்து பருந்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டு விழுகிறது, தீக்கு ஒரு முழம் முன்னால் காலை நீட்டி எதையோ அள்ளுகிறது, அள்ளியது எலி என்று தெரிவதற்குள் மேலே ஏறிவிடுகிறது, ஏறிக்கொண்டே காலை அலகுக்குக் கொண்டுபோய்ப் பிய்த்துத் தின்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் சூரியன், சூரியன் என்றுகூடச் சொல்ல முடியாது, புகையில் கரைந்த செம்பு நிறம், அந்த வெளிச்சத்தில் தெரிகிறதெல்லாம் கறுப்பு, பருந்து கறுப்பு, கரும்புத் தோகை கறுப்பு, காட்டுக்கு நடுவே பொறுக்கிக் குவித்த கல்லுக்குமியின் மேல் நிற்பதும் கறுப்பு, அந்தக் கடைசிக் கறுப்பைச் சென்னியப்பன் கேமரா வழியாகப் பார்க்கிறான், பார்த்தான், பார்த்துவிட்டுப் பதினைந்து நாளாகப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், போலீஸ்காரர் கேட்டபோது சொன்னான், மனைவி கேட்டபோது சொன்னான், தோட்டத்துக்காரர் அர்த்தநாரியிடம் அவர் கேட்காமலேயே சொன்னான், ஒரே புகைங்க, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. இப்போது கோபியில் தன் ஸ்டுடியோவில், வெளியே வெயில் காய்கிற பகல் பதினொரு மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு, கணினியில் அதே படத்தை எத்தனையாவது தடவையாகவோ திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கல்லுக்குமியின் மேல் நிற்பது மரக்கட்டை இல்லை, நஞ்சான். அன்றைக்கு அந்தக் கரும்புக்காட்டுத் தீயில் செத்துப்போன நஞ்சான்.

இந்தப் பருந்துப் பைத்தியம் அவனுக்கு எப்போது பிடித்தது, இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன், மாப்பிள்ளை கொஞ்சம் சிரிங்க, பொண்ணு கொஞ்சம் நிமிருங்க என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன், பருந்தைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, தின்கிறபோது தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அது கவலைப்படுவதில்லை, அதனால்தான் பிடித்ததோ என்னவோ. குப்பைமேட்டில் எடுத்தான், மீன் பிடிக்கிற குளத்தங்கரையில் எடுத்தான், கறிக்கடைச் சந்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தான், பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் எண்ணிக்கொள்ளலாம் போல விழுந்தது, பார்த்தால் காலண்டர் படம், உயிரே இல்லை. ஒருமுறை மழை விட்ட சாயங்காலம் பவானி ரோட்டில் ஈசல் கிளம்பியபோது நூறு பருந்து ஒன்றாக இறங்கிச் சத்தமே இல்லாமல் வானத்தில் மேய்ந்தன, ஈசலைக் காலால் பிடித்து வாய்க்குக் கொடுத்துச் சிறகை உதிர்த்துவிட்டன, அவன் தலையிலும் தோளிலும் ஈசல் சிறகு கொட்டிக்கொண்டிருந்தது, வெளிச்சம் போதாமல் எடுத்த அத்தனை படமும் கலங்கிப்போனது, ஆனால் அன்றைக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வந்தது பாருங்கள், அந்தப் பயத்தைத்தான் அவன் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான். வெளிச்சம் கெட்டுப்போகிற நேரத்தில்தான் பருந்து பருந்தாக இருக்கிறது என்று ஒரு கிறுக்கு மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது, ஏறினது இறங்கவில்லை.

அர்த்தநாரியின் மகள் கல்யாணத்துக்கு அவன்தான் படம் எடுத்தான், அந்தப் பழக்கத்தில் அவர்தான் சொன்னார், கரும்பு வெட்டறதுக்கு முன்னால காட்டைக் கொளுத்துவோமப்பா, தோகைச் சொணை அரிக்குது, பாம்பு இருக்குதுன்னு வெட்டு ஆளுங்க கொளுத்தாம எறங்க மாட்டேங்கறாங்க, பொகை கௌம்பிச்சுன்னா பருந்து எங்கிருந்துதான் வருமோ, வந்து கேமராவைத் தூக்கு. மலையடிவாரத்தில் வாய்க்காலுக்குக் கீழே அவருக்கு இரண்டு கரும்புக்காடு. முதல் காட்டைக் கொளுத்தியபோதே போனான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, தீ வைப்பதற்கு முன்னால் ஓர் ஆள் எண்ணெய்த் தகரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு காட்டை மூன்று சுற்றுச் சுற்றி வருவார், உள்ளே ஆருங்க, வெளிய வாங்க, உள்ளே ஆருங்க, வெளிய வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே, புல்லறுக்கப் போன பொம்பளைகள் இருந்தால் வந்துவிடுவார்கள், முயலும் காட்டுப்பன்றியும் கீரியும் வாய்க்கால் பக்கமாக ஓடிவிடும், மூன்றாவது சுற்று முடிந்து தகரச் சத்தம் நின்றால்தான் தீக்குச்சியை உரசுவது. முப்பது வருடமாக அந்தத் தகரத்தைத் தட்டியவர் நஞ்சான். அன்றைக்கும் தட்டினார், உள்ளிருந்ததெல்லாம் பதறாமல் வெளியேறிவிட்டது, தீ வெறும் காட்டைத் தின்றது, பருந்துகள் நாலா பக்கமும் சிதறி வயல் எலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தன, சென்னியப்பனுக்கு ஒரு படமும் தேறவில்லை.

தகரம் தட்டாமத் தீ வெச்சா என்னுங்க, என்று இரண்டாவது காட்டுக்கு முந்தின நாள் அர்த்தநாரியைக் கேட்டவன் அவன்தான், தட்டலீன்னா எலி, கௌதாரி எல்லாம் தீ கிட்ட வர்ற வரைக்கும் உள்ளயே இருக்கும், கடைசில ஒரேயடியா வெளிய வரும், பருந்து தீக்கு முன்னாலயே வந்து விழும், அப்புறம் இன்னொண்ணுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வெக்கோணும், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம், மூணு பக்கமும் ஒண்ணா வெக்கோணும், எனக்கு அந்த வெளிச்சம் நாலு நிமிசந்தான் நிக்கும். அர்த்தநாரி சிரித்தார், உனக்குப் பருந்து வேணும், எனக்குக் கரும்பு வெட்டோணும், தட்டாட்டிப் போகுது போ என்றார். ஒரு மனுசனின் உயிர் போவதற்கு இவ்வளவு பேச்சுப் போதும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா, சென்னியப்பனும் நம்ப மாட்டான், ஆனால் அவ்வளவுதான் பேசினார்கள், மோர் குடித்துக்கொண்டே பேசினார்கள்.

நஞ்சான் மத்தியானத்திலிருந்து அவனோடு இருந்தார், கேமராவின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைமேல் அவன் சொன்ன இடத்திலெல்லாம் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், வெற்று மார்பு, இடுப்பில் வேட்டி, தலையில் வெள்ளைத் துண்டு, அவனைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அவரை அவன் நஞ்சா, இங்க வா, நஞ்சா, தண்ணி கொண்டா என்று கூப்பிட்டான், தோட்டத்துக்காரர் கூப்பிடுகிற மாதிரியே, அப்படிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒன்றும் உறுத்தவில்லை, இப்போது உறுத்தி என்ன. தகரம் வேண்டாம் என்று சொன்னதும் அவர் அதைக் கீழே வைத்தார், வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தட்டாம வெச்சுப் பளக்கமில்லீங்க, உள்ள ஆராச்சும் இருந்தா என்னுங்க பண்றது என்றார். நாந்தான் மத்தியானத்துலருந்து இங்கயே நிக்கறனே, ஆரும் உள்ள போகலே நஞ்சா என்று அவன் சொன்னான். அவருக்கு மனசு கேட்கவில்லை, கரும்பு வேறு காற்றுக்குச் சாய்ந்து பின்னிக் கிடந்தது, உள்ளே ஒரு ஆள் படுத்திருந்தால் கரைமேலிருந்து தெரியாது. சத்தந்தான வேண்டாங்கறீங்க, நா ஒரு நடை உள்ள போயிக் கண்ணுல பாத்துட்டு வந்தர்றனுங் என்றார். அவன் கேமராவில் கண்ணை வைத்து மேகத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை எடுக்காமலே ம் என்றான், சீக்கிரம் வா என்றான்.

அந்த ம் இருக்கிறதே, அது அவன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பதினைந்து நாளாக யோசிக்கிறான், தூக்கத்தில் அதைச் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறான், தூக்கத்தில் நஞ்சான் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் வருகிறார், இங்க வெக்கட்டுங்களா, அங்க வெக்கட்டுங்களா என்று கேட்டுக்கொண்டே பந்தி நடுவில் நடக்கிறார், இலையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் பருந்து, ஒன்றும் தலை தூக்கிப் பார்க்கவில்லை, தின்கின்றன, அவன் ம் என்கிறான், மேகத்தின் கீழ் விளிம்பு சிவக்கிறது, மலைக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி, அதற்குள் சூரியன் இறங்கினால் நாலு நிமிடம், மூன்று வருடம் காத்திருந்த நாலு நிமிடம், இறங்குகிறது, காடு முழுக்கச் செம்பைக் காய்ச்சி ஊற்றின மாதிரி ஆகிறது, மேற்கு வரப்பிலிருந்து அர்த்தநாரி ஆச்சா என்று கத்துகிறார், தகரம் தட்டினால் அது நின்றதும் தெரியும், இன்றைக்குத் தகரம் இல்லை, அதனால்தான் கேட்கிறார், சென்னியப்பன் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்குகிறான், மண்டபத்தில் கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிற மாதிரி. நஞ்சான் உள்ளே போனதை மறந்துவிட்டான் என்று சொன்னால் பாதி உண்மை, மறக்கிறதுக்கு அவன் ஒத்துக்கொண்டான் என்பது மீதி. மூன்று பக்கமும் தீ பிடித்தது.

தோகை வெடிக்கிற சத்தம் முதலில் கேட்டது, பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. பருந்துகள் மலைப்பக்கத்திலிருந்து வந்தன, பத்து, இருபது, எண்ண முடியவில்லை, அவன் கேட்டபடியே எல்லாம் நடந்தது, உள்ளே இருந்ததெல்லாம் கடைசிவரை உள்ளேயே இருந்து ஒரேயடியாக வெளியே கொட்டின, முடி கருகின முயல், குஞ்சை விட்டுவிட்டு ஓடுகிற கௌதாரி, எலி, எலி, எலி, பருந்துகள் தீயின் முகத்துக்கு முன்னால் விழுந்து விழுந்து எடுத்தன, இறங்காமலே தின்றன, ஒன்று பாம்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாம்பின் வால் எரிந்துகொண்டிருந்தது. புகைக்குள் கேமராவின் வெளிச்சக் கணக்கு நிற்காது, அது ஏமாந்துவிடும், கையால்தான் வெளிச்சம் வைக்க வேண்டும், வைத்தான், கை நடுங்கவில்லை, ஆறு மணி நாலு நிமிடத்துக்குக் கல்லுக்குமியின் மேல் ஓர் உருவம் ஏறியது. துண்டைக் கையில் எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றியது. அதற்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பருந்து, எலியோடு, வெளிச்சத்துக்குச் சரியாக முதுகைக் கொடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் திரும்பினால் கண்ணில் வெளிச்சம் விழும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பதினோரு படம் எடுத்தான். பதினோராவது படத்தில் பருந்தின் கண்ணில் வெளிச்சம் இருந்தது, கல்லுக்குமியின் மேல் யாரும் இல்லை.

அப்புறம் கத்தினான், கத்தினான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், கேமராவைப் போட்டுவிட்டு ஓடினான், தீ அடங்கின பிறகு ஆட்கள் போய்த் தூக்கிவந்தார்கள், அதைப் பற்றி நினைக்க அவனால் முடியவில்லை, நமக்கும் வேண்டாம். மறுநாளே அர்த்தநாரி ஒரு கதை செய்துவிட்டார், குடித்துவிட்டுக் காட்டுக்குள் போய்ப் படுத்திருக்கிறான், நாங்கள் எப்படிப் பார்ப்பது என்று, ஸ்டேஷனில் எழுதுகிறவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள், தகரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, சென்னியப்பன் புகை என்றான், கதை நிலைத்துவிட்டது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிகின்றன. செருப்பில்லாத கால்கள், வெந்த தார் ரோட்டில் நிற்கின்றன, மாற்றி மாற்றி வைக்கின்றன, ஏனுங், ஆருங்க இருக்கறது என்று ஒரு குரல். அவன் ஷட்டரை உயர்த்தினான். நஞ்சானின் மனைவி மாராள், வெறும் நெற்றி, கையில் மஞ்சப்பை. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியமுங்க, வெச்சுச் சாமி கும்புடறதுக்கு அவரு போட்டோ ஒண்ணுமே இல்லீங்க, ரேசன் கார்டுல இருக்கறதும் அளிஞ்சுபோச்சு, அன்னைக்கு மத்தியானம் பூரா உங்க கூடத்தான இருந்தாரு, அத்தனை போட்டோ எடுத்தீங்களாமா, ஏதாச்சும் ஒண்ணுல உளுந்திருப்பாருங்களா என்று கேட்டாள். மத்தியானத்திலிருந்து சாயங்காலம்வரை அந்த மனுசனை முக்காலி தூக்க வைத்தவன், நூற்றுக்கணக்கில் படம் எடுத்தவன், கொக்கை எடுத்தான், மேகத்தை எடுத்தான், வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் செருப்பைக்கூட எடுத்தான், அவர் முகத்தை ஒரு தடவை எடுக்கவில்லை. இல்லீங்கம்மா என்றான். எல்லாம் பருந்துதான் என்றான்.

பருந்தே இருக்கட்டுங்க, அவரு நின்ன எடமாச்சும் பாக்கறனுங் என்று அவள் உள்ளே வந்தாள். மணமக்களை உட்கார வைத்துப் படமெடுக்கிற நாற்காலியை இழுத்துப் போட்டான், அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினான், கொக்கு, மேகம், வாய்க்கால், கரும்பு, தீ, முதல் பருந்து, இரண்டாவது பருந்து, அவள் கண்ணை இமைக்காமல் பார்த்தாள், ஒரு படத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம், மின்சாரம் போய்விட்டதென்று சொல்லிவிடலாம், வாயைத் திறந்தும் விட்டான், அடுத்ததுங் என்றாள் மாராள். தள்ளினான்.

அவள் பருந்தைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடம் தேடின பருந்து திரை முழுக்கச் சிறகை விரித்துக்கொண்டு நின்றது, அவள் கண் நேராக அதன் சிறகுக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்த கறுப்புக்குப் போனது, எழுந்து வந்து விரலால் தொட்டாள். இவருதானுங் என்றாள். முகம் தெரியலியேம்மா என்று அவன் சொன்னான், அந்த நேரத்திலும் அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. மொகம் எதுக்குங்க, நிக்கறதப் பாத்தாத் தெரியாதுங்களா என்றாள். அடுத்தது, அடுத்தது என்று பதினொன்றையும் பார்த்தாள், திரும்ப முதலிலிருந்து பார்த்தாள், படத்தின் கீழே இருந்த எண்ணைக் காட்டி இது என்னுங்க என்று கேட்டாள், எடுத்த நேரம் என்றான், முதலுக்கும் கடைசிக்கும் எவ்வளவு என்று கேட்டாள், பன்னிரண்டு நொடி என்றான்.

குடிச்சுப்போட்டுப் படுத்திருந்தாருன்னு எழுதிப்போட்டாங்க, இதுல நின்னுட்டல்லங்க இருக்கறாரு, என்றாள், குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவரு என்ன கேக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா. காப்பாத்தச் சொல்லி, என்று அவன் இழுத்தான். இல்லீங்க, காட்டுத் தீயில மாட்டிக்கிட்டவங்க துண்டெ இப்பிடிச் சுத்துனா வெளிய வர எந்தப் பக்கம் வளி இருக்குதுன்னு கேக்கறதுங்க, உள்ள நிக்கறவங்களுக்குப் பொகையில ஒண்ணுந் தெரியாது, கரைமேல நிக்கறவங்களுக்குத் தெரியும், அவங்க கையெ நீட்டிக் காட்டோணும், அந்தப் பக்கம் ஓடியாந்துருவாங்க, எங்க சனத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியுமுங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

தெரிந்திருக்காதுதான். ஆனால் கரைமேல் நின்றவனுக்கு வழி தெரிந்திருந்தது, கிழக்கே தன் காலடியில், வாய்க்கால் மடை ஓரமாக, இரண்டு ஆள் அகலத்துக்குத் தீ தொடாத இடம் ஒன்று கடைசிவரை கிடந்தது, அது படத்திலேயே இருக்கிறது, ஒரு கையை நீட்டியிருந்தால் போதும். சென்னியப்பன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான். பாத்தேம்மா என்றான். அப்பவே பாத்தேன். பொகைன்னு சொன்னது பொய். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருந்த மாதிரி, தெரியாதது இன்னும் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியவில்லை, அவனும் சொல்லவில்லை, வலக்கை மடியில் கிடந்தது, அதை இடக்கையால் மூடி வைத்திருந்தான். பருந்தெ எடுத்துப்போட்டு அவரெ மட்டும் பெருசு பண்ணிக் குடுங் என்றாள். நாளைக்குக் காலையில நீங்களே கொண்டாந்து மாட்டிக் குடுங், தோட்டத்துக்காரரு வருவாரு, ஊரே இருக்கும், இது என்ன போட்டோன்னு கேப்பாங்க, நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொல்லுங்.

சாயங்காலம் வரை அவன் வெட்டினான். மூன்று வருடத்துப் பருந்தை ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தான், எலியை வெட்டினான், அலகை வெட்டினான், இன்னும் வெளிச்சம் விழாத கண்ணை வெட்டினான், பெரிதாக்கப் பெரிதாக்க அந்த உருவம் புள்ளி புள்ளியாக உடைந்தது, கிட்டே பார்த்தால் கரியைத் தெளித்த மாதிரி இருந்தது, எட்ட நின்றால் ஆள், துண்டு, தூக்கின கை. பருந்தின் ஒரு சிறகு நுனி மட்டும் தோளின் மேல் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது, அதை அழித்தால் தோளும் போய்விடும், விட்டுவிட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாராளின் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். வாசலில் போட்ட நாற்காலியில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார், வந்தவர்கள் எல்லாம் எழுந்து கிட்டே வந்து படத்தைப் பார்த்தார்கள், எட்டப் போய்ப் பார்த்தார்கள், அதுக்குள்ள நிக்கறது நஞ்சாந்தானா என்று ஒருவர் கேட்டார், குடிச்சுப்போட்டுக் கெடந்தான்னாங்க என்று இன்னொருவர் சொன்னார், அர்த்தநாரி நாற்காலியிலிருந்து சென்னியப்பனைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. மாராள் சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் காத்திருந்தாள். சென்னியப்பன் சுவரைவிட்டு ஒரு அடி நகர்ந்தான், நஞ்சானின் கைக்குப் பக்கத்தில் தன் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், காட்டிக்கொண்டே சொன்னான், அவர் குடிக்கலீங்க, நாந்தான் தகரம் தட்ட வேண்டாமுன்னேன், உள்ள ஆளு இருக்குதான்னு பாக்கப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் அவர் போனாரு, போனவரு திரும்பறதுக்குள்ள இப்பிடிக் கையெத் தூக்கித் தீ வெக்கச் சொன்னவன் நானு, அவரு வழி கேட்டப்ப இந்தக் கையெ நாந் தூக்கலீங்க.